பயணத்தில் பாட்டு: எந்த பிளேயர் வாங்கலாம்?

அலுவலகம் போய் வரும் நேரத்தில் பாட்டு கேட்கத் தனியாக ஒரு மியூசிக் பிளேயர் வாங்கலாமா? அதையே குடும்பத்துடன் காரில் வெளியூர் செல்லும்போதும் பயன்படுத்த முடியுமா? இந்த இரண்டு கேள்விகளையும் நண்பர்கள் என்னிடம் சேர்த்தே கேட்கிறார்கள். நான் இரண்டையும் பிரித்துப் பதில் சொல்வது வழக்கம். ஏனென்றால் ரயில் பெட்டியும் காரும் பாட்டு கேட்பதைப் பொறுத்தவரை நேர் எதிரான இடங்கள். ஒன்றுக்குப் பொருத்தமானது மற்றொன்றில் தொல்லையாக இருக்கும்.

சோனி நிறுவனம் முதல் வாக்மேனை 1979ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2001ல் ஆப்பிள் 5 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட ஐபாட்டை அறிமுகப்படுத்தியது. 2022ல் ஐபாட் வரிசைக்கு ஆப்பிள் முற்றுப்புள்ளி வைத்தபோது, தனி பிளேயர்களின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அதன் பிறகும் சோனி, பியோ போன்ற நிறுவனங்களிடமிருந்து புது மாடல்கள் வந்துள்ளன. எனவே வாங்க முடியுமா என்பது கேள்வி இல்லை. நமக்குத் தேவையா, தேவை என்றால் எது என்பதுதான் கேள்வி.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது மெமரியின் அளவும், ஒலியின் தரம் பற்றிய எண்களும். பயணத்திற்கு வாங்குபவர் இந்த இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, கேட்கப் போகும் இடத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது, அங்கே பிளேயரை எதனுடன் இணைக்கப் போகிறோம் என்பதுதான்.

போன் இருக்கும்போது தனி பிளேயர் எதற்கு?

பெரும்பாலானவர்களுக்கு போன் போதும். தினமும் அரை மணி நேரப் பயணம், மாலையில் வீட்டுக்கு வந்தவுடன் சார்ஜ் செய்யும் வசதி, நல்ல சிக்னல் ஆகியவை இருந்தால் தனி பிளேயருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கீழ்க்காணும் சூழ்நிலைகளில் மட்டும் தனி பிளேயர் பற்றி யோசிக்கலாம்.

முதலாவது, நேரம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். போக வர இரண்டு மணி நேரம். இவ்வளவு நேரமும் இணையத்தின் வழியே 320 கேபிபிஎஸ் தரத்தில் பாட்டு கேட்டால் மணிக்கு 144 எம்பி டேட்டா செலவாகும். மாதத்திற்கு 26 நாட்கள் என்றால் ஏறத்தாழ 7.5 ஜிபி. டேட்டாவாவது பரவாயில்லை. மாலையில் ஆட்டோ அழைக்கவும் பணம் செலுத்தவும் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே!

இரண்டாவது, சொந்தப் பாடல்கள். பாடல் செயலிகளில் டவுன்லோட் பட்டனை அழுத்தி வைத்திருப்பவை உங்களுடைய பைல்கள் அல்ல. அவை பொதுவாகப் பூட்டப்பட்ட வடிவில் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவில் காப்பி செய்ய முடியாது. சந்தா முடிந்தால் பாடாது. நிறுவனத்திற்கும் பாடல் உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த பாட்டு இன்று இருக்காது. வீட்டில் உள்ள ஆடியோ சிடிக்களை எம்பி3 ஆக மாற்றி வைத்தால் அவை உங்களிடமே இருக்கும். அப்படி நிறையப் பாடல்கள் வைத்திருப்பவருக்குத் தனி பிளேயர் நல்ல துணை.

மூன்றாவது, ஒயர் இயர்போன். 2016ல் வந்த ஐபோன் 7ல் 3.5 மிமீ ஜாக் நீக்கப்பட்டது. பின்னர் பல நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. இத்தகைய போன்களில் ஒயர் இயர்போனை யுஎஸ்பி துளையில் ஒரு அடாப்டர் வழியாகச் செருக வேண்டும். சாதாரண அடாப்டராக இருந்தால் அதே நேரத்தில் சார்ஜ் செய்ய முடியாது. தனி பிளேயர்களில் இந்த ஜாக் பெரும்பாலும் உண்டு.

ரயிலிலும் பஸ்ஸிலும்: முதலில் காதைப் பாருங்கள்

ரயில் பெட்டியில் பாட்டைக் கெடுப்பது பிளேயர் அல்ல, வெளி இரைச்சல். சக்கரத்தின் தடதடப்பு, திறந்த கதவின் வழியே வரும் காற்று, பஸ் என்றால் என்ஜின் உறுமல். இவற்றை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காக வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறோம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019ல் வெளியிட்ட வழிமுறையின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் ஒலியைக் கேட்கலாம். குழந்தைகளுக்கு இது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம், 89 என்றால் 5 மணி நேரம்.

இதை நம் பயணத்துடன் பொருத்திப் பாருங்கள். தினமும் 2 மணி நேரம், வாரத்தில் 6 நாள் என்றால் 12 மணி நேரம். இந்த நேரத்திற்கு உரிய உச்ச வரம்பு ஏறத்தாழ 85 டெசிபல். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சலே ஏறத்தாழ 85 டெசிபலை எட்டியிருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப்பட்ட பெட்டியில், காதில் மேலோட்டமாக உட்காரும் சாதாரண இயர்போனை மாட்டினால், இரைச்சலுக்கு மேல் பாட்டு எழ வேண்டுமானால் வரம்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். உட்காதில் பாதிக்கப்பட்ட நுண்ணிய செல்கள் மறுபடி வளர்வதில்லை. இழந்த கேட்கும் திறன் திரும்பி வராது.

எனவே ரயில் பயணிக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பட்ஜெட்டைப் பிரிக்கும்போது இயர்போனுக்குப் பெரிய பங்கை ஒதுக்குங்கள் என்பதே. சிலிகான் முனையுடன் காதுக்குள் பொருந்தும் வகை வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும். பெட்டியில் மூன்று அளவு முனைகள் கொடுத்திருப்பார்கள். மூன்றையும் போட்டுப் பார்த்து, இறுக்கமாகவும் வலிக்காமலும் உட்காருவதைத் தேர்ந்தெடுங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவதும் உண்டு.

நாய்ஸ் கேன்சலிங் எனப்படும் வகையில் சிறிய மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு எதிரான அலையை உருவாக்கி அதை அமுக்கிவிடும். தொடர்ந்து ஒரே மாதிரி வரும் தாழ்ந்த ஒலிகளான ரயில் உறுமல், பஸ் என்ஜின், ஏ.சி. சத்தம் ஆகியவற்றில் இது மிக நன்றாக வேலை செய்யும். பேச்சுக் குரல், ஹாரன் ஆகியவற்றில் அவ்வளவாக எடுபடாது. பெரும்பாலும் புளூடூத் வகையாகக் கிடைப்பதால், வாங்கும் பிளேயரில் புளூடூத் இருக்கிறதா என்று பார்க்கவும்.

வெளிச்சத்தம் கேட்காத இயர்போனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் அதைக் காதில் போட வேண்டும். ஸ்டேஷனில் இறங்கும் முன் கழற்றிவிட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போதும், சாலையைக் கடக்கும்போதும், டூவீலர் ஓட்டும்போதும் அது காதில் இருக்கவே கூடாது. மின்சார ரயில் வருவது காதில் விழாததால் உயிர் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ரயில் பயணத்திற்கான பிளேயரில் என்ன பார்க்க வேண்டும்?

பட்டன்கள்: கூட்டத்தில் ஒரு கை மேலே பிடியில் இருக்கும். மற்றொரு கையால் பையிலிருந்து எடுக்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போகவும் நிறுத்தவும் முடிய வேண்டும். இதற்குத் தொடுதிரை உதவாது. தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும் பட்டன்கள் வேண்டும். பட்டன்களைப் பூட்டி வைக்கும் ஹோல்டு வசதியும் இருக்க வேண்டும்.

வால்யூம் வரம்பு: இந்த அளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று செட் செய்யும் வசதி செட்டிங்ஸ் பகுதியில் உள்ளதா என்று பாருங்கள். வீட்டில் பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள் என்றால் இது கட்டாயம்.

நினைவில் வைத்திருத்தல்: உபன்யாசம், நாடகம், ஒலிப்புத்தகம் கேட்பவர்கள், ஒரு மணி நேர பைலை நடுவில் நிறுத்தி மாலையில் அதே இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். சில பிளேயர்கள் ஆப் செய்தவுடன் முதலிலிருந்து தொடங்கும்.

இடைவெளியின்றிப் பாடுதல்: கச்சேரி கேட்பவர்களுக்கு இது முக்கியம். ஆலாபனை ஒரு பைலாகவும் கிருதி அடுத்த பைலாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். எம்பி3 ஆக மாற்றும்போது பைலின் முன்னும் பின்னும் சிறிது வெற்றிடம் சேர்கிறது. கேப்லெஸ் வசதி உள்ள பிளேயர் அதை நீக்கிப் பாடும். இல்லாத பிளேயரில், கைதட்டலின் நடுவே சட்டென்று ஒரு மௌனம் வரும்.

மெமரி கார்டு துளை: உள்ளே இருக்கும் மெமரி குறைவாக இருந்தாலும் கவலையில்லை. மைக்ரோ எஸ்டி கார்டு போட முடிந்தால் போதும்.

ஆண்ட்ராய்டு சிஸ்டத்துடன் வரும் தொடுதிரை பிளேயர்களில் பாடல் செயலிகளையும் நிறுவலாம். ஆனால் போனைப் போலவே அவற்றுக்கும் அப்டேட் தேவை. பாட்டை மட்டும் விரும்புபவருக்குப் பட்டன் பிளேயரே நிம்மதி.

எவ்வளவு மெமரி தேவை?

நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 5 நிமிடப் பாட்டு ஒன்று 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் 4.8 எம்பி. 320 கேபிபிஎஸ் என்றால் 12 எம்பி. தரம் குறையாத பிளாக் வடிவில் ஏறத்தாழ 30 எம்பி. 32 ஜிபி கார்டில் முதல் வகை 6,600 பாடல்களும், இரண்டாம் வகை 2,600 பாடல்களும், மூன்றாம் வகை 1,000 பாடல்களும் கொள்ளும்.

தடதடக்கும் ரயிலிலும் ஓடும் காரிலும் 320 கேபிபிஎஸ் எம்பி3க்கும் பிளாக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் காது உணர்வது மிகக் கடினம். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிளாக் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பயணத்திற்கு எம்பி3 பிரதி எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

மிகக் குறைந்த விலையில் மிக அதிக ஜிபி என்று விற்கப்படும் கார்டுகளில் போலிகள் உண்டு. கம்ப்யூட்டரில் 256 ஜிபி என்று காட்டும், ஆனால் உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும். அதற்கு மேல் எழுதிய பாடல்கள் கெட்டுப் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம், கார்டு முழுவதும் எழுதிப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். காலி கார்டில் இதை முதலில் இயக்கிப் பார்த்த பிறகு பாடல்களைக் காப்பி செய்திடவும்.

காரில்: இணைப்புதான் எல்லாம்

காருக்குள் நல்ல ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பிளேயரின் வேலை பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே. எந்த வழியில் கொடுக்கலாம் என்பது உங்கள் கார் ஸ்டீரியோவைப் பொறுத்தது. எனவே பிளேயர் வாங்கக் கடைக்குப் போகும் முன் காருக்குள் உட்கார்ந்து என்னென்ன துளைகள் உள்ளன என்று பாருங்கள்.

யுஎஸ்பி: இதுவே எனக்குப் பிடித்த வழி. ஆனால் பிளேயரைச் செருகினால் பாடும் என்று நம்பிவிட வேண்டாம். பல கார் ஸ்டீரியோக்கள் பென் டிரைவ் போலத் தெரியும் சாதனங்களை மட்டுமே படிக்கும். ஆண்ட்ராய்டு பிளேயர்கள் பெரும்பாலும் எம்டிபி என்ற வேறு முறையில் இணைகின்றன. அவற்றைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும், பாட்டு வராது.

ஆக்ஸ்: 3.5 மிமீ ஒயர் மூலம் இணைப்பது. எந்த பிளேயரும் வேலை செய்யும். பிளேயரின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, மீதியை கார் ஸ்டீரியோவில் கூட்டிக் குறைக்கவும். பிளேயரில் குறைவாக வைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால் உஸ் என்ற இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். காரிலேயே சார்ஜ் செய்துகொண்டு ஆக்ஸில் கேட்கும்போது, என்ஜின் வேகத்திற்கு ஏற்ப ஒரு கீச்சொலி வந்தால், சார்ஜர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் கிரவுண்ட் லூப். அதற்கான ஐசலேட்டர் ஒன்றை ஆக்ஸ் ஒயரில் சேர்த்தால் சரியாகும்.

புளூடூத்: ஒயர் இல்லை, ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களால் பாட்டை மாற்றலாம். காரும் பிளேயரும் புளூடூத் ஆடியோவை ஆதரிக்க வேண்டும். ஏஏசி, ஆப்டிஎக்ஸ் போன்ற உயர்தர வகைகள் இரண்டு பக்கமும் இருந்தால்தான் பயன்படும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவான எஸ்பிசி வகைக்கு இறங்கிவிடும்.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்: மேற்கண்ட எதுவும் இல்லாத பழைய காருக்கு இது கடைசி வழி. சிகரெட் லைட்டர் துளையில் செருகினால், பாட்டைச் சிறிய எஃப்எம் அலையாக அனுப்பும். காலியான அலைவரிசையில் வைக்க வேண்டும். சென்னையில் 93.5, 98.3, 106.4 என்று நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் காலி இடம் தேடுவது சிரமம். சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் போனால், ஊருக்கு ஊர் நிலையங்கள் மாறும். ஒரு ஊரில் காலியாக இருந்த இடத்தில் அடுத்த ஊரில் விளம்பரம் கேட்கும். ஓட்டிக்கொண்டே அதை மாற்ற முயல்வது ஆபத்து.

ஆபத்து என்று சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 90 கிமீ வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடும். பாட்டுப் பட்டியலைத் தேட 3 நொடி கீழே குனிந்தால், 75 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம். ஆகையால் காருக்கான பிளேயரில் திரை எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள். ஓட்டுபவர் திரையையே பார்க்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள்.

காருக்கு என் சிபாரிசு: ஒரு பென் டிரைவ்

இந்தக் காரணங்களால், யுஎஸ்பி உள்ள காருக்குத் தனி பிளேயர் தேவையில்லை என்றே சொல்வேன். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். சார்ஜ் செய்ய வேண்டாம், ஒயர் வேண்டாம், ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்யும். அதைத் தயாரிக்கும் முறை இதோ.

1. பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து பார்மட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஃபேட்32 என்று இருக்கட்டும். உள்ளே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், வேண்டியவற்றை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்திடவும். மெமரி கார்டுகளில் 64 ஜிபி முதல் எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பு வரும். பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் படிப்பதில்லை. 32 ஜிபியுடன் நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

2. போல்டர்களை எளிமையாக வைக்கவும். காலை பக்திப் பாடல், பழைய பாடல், குழந்தைகளுக்கு என்று ஒரே அடுக்கில் போதும். எத்தனை போல்டர், எத்தனை பைல் வரை படிக்கும் என்பது காரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

3. பைல் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் கொடுக்கவும். சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையில் பாடும், சில காப்பி செய்த வரிசையில் பாடும். எண் கொடுத்து, அந்த வரிசையிலேயே காப்பி செய்தால் இரண்டிலும் பிரச்னை இல்லை.

4. பாட்டின் பெயர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டு கெடவில்லை. பயணப் பிரதியில் மட்டும் பைல் பெயரையும், பைலுக்குள் இருக்கும் டேக் விவரத்தையும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

5. எம்பி3 வடிவத்தையே பயன்படுத்தவும். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியிலிருந்து எடுத்த பாடல்கள் டபிள்யூஎம்ஏ வடிவில் இருக்கலாம். அதை எல்லா ஸ்டீரியோக்களும் ஏற்பதில்லை. புதிதாக எடுக்கும் முன் ஆப்ஷன்ஸ் பகுதியில் ரிப் மியூசிக் டேபில் எம்பி3 என்று மாற்றிக்கொள்ளவும்.

சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

பழைய கேசட்டிலிருந்து எடுத்த பாட்டு மெதுவாக ஒலிக்கும். புதுப் படப் பாட்டு அலறும். கலந்து கேட்கும்போது, பழைய பாட்டுக்காக ஏற்றிய வால்யூம் அடுத்த பாட்டில் காதை அறையும். ரயிலில் இது காதுக்குக் கேடு, காரில் ஓட்டுபவரின் கவனத்துக்குக் கேடு.

எம்பி3கெய்ன் என்ற இலவச புரோகிராம் இதைச் சரி செய்யும். போல்டரைச் சேர்த்து, டிராக் அனாலிசிஸ் கிளிக் செய்தால் ஒவ்வொரு பாட்டின் சத்த அளவையும் காட்டும். பிறகு டிராக் கெய்ன் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரும். பாட்டை மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது. ஆனாலும் பயணப் பிரதியில் மட்டும் செய்து, மூலப் பிரதியை அப்படியே விட்டு வைப்பது நல்லது.

வெயிலில் விட வேண்டாம்

பிளேயர், போன் ஆகியவற்றை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று கையேடுகளில் பொதுவாக எழுதியிருப்பார்கள். மே மாத வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரில் வெப்பம் இதைச் சுலபமாகத் தாண்டும். லித்தியம் பேட்டரி வெப்பத்தில் திறன் இழக்கும், சில நேரம் உப்பிவிடும். சாப்பிட இறங்கும்போது பிளேயரை டேஷ்போர்டில் விடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேட்டரியே இல்லாத பென் டிரைவுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

கடையில் சோதித்துப் பாருங்கள்

பிளேயர்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், உங்கள் இயர்போனையும், சில பாடல்கள் கொண்ட மெமரி கார்டையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு பாட்டு, ஒரு மணி நேர உரை ஒன்று, தொடர்ந்து வரும் இரண்டு கச்சேரி பைல்கள் அதில் இருக்கட்டும். பெயர் தெரிகிறதா, நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறதா, நடுவில் மௌனம் வருகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிளேயரை பாக்கெட்டில் போட்டு, பார்க்காமலேயே பாட்டை மாற்றிப் பாருங்கள். காரில் வந்திருந்தால், வாங்கும் முன் ஒரு தடவை ஸ்டீரியோவில் செருகிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், பேட்டரிக்கும் அது பொருந்துமா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.